வீட்டுக்காரி ஏறிய படகு

தையலக்காவின் முன்னறையில் எப்போதும் உப்பு வாடை இருக்கும். ஜன்னலைத் திறந்துபோட்டாலும் போகாது, சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்தாலும் போகாது. கடற்பூங்காவிலிருந்து சாக்கு மூட்டையில் வந்து இறங்கும் லைஃப் ஜாக்கெட்டுகளின் வாடை அது. வார் அறுந்தது, கொக்கி உடைந்தது, ஓரம் பிரிந்து உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு எட்டிப் பார்ப்பது என்று வாரத்துக்கு ஒரு மூட்டையாவது வந்துவிடும். பள்ளிச் சீருடை தைத்த காலத்தில் வாங்கிய மெஷின், அந்தத் தடித்த வாரின் மேல் ஏறும்போது மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல முனகும். "ஏறு, ஏறு, வேற வேலை இருக்கு" என்று மெஷினை அதட்டிக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றுவாள் அக்கா.

அந்த ஜாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டு ஆட்கள் ஏறும் கண்ணாடிப் படகுகளில் ஒன்றை ஓட்டுபவர் அவள் கணவர். படகின் நடுவே தரைக்குப் பதிலாகக் கண்ணாடி பதித்திருக்கும். சுற்றிலும் பெஞ்சு. உட்கார்ந்து குனிந்தால் கீழே பவளப்பாறையும் மீன்களும் தெரியும். பாதுகாக்கப்பட்ட கடல் என்பதால் இறங்கக்கூடாது, தொடக்கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்துவரக்கூடாது. பார்க்கலாம், அவ்வளவுதான். இவர்களுக்குக் கல்யாணம் ஆன வருடத்தில்தான் பூங்காவைத் திறந்தார்கள். மகள் பிறந்து, படித்து, கல்யாணம் முடித்து வேறு ஊருக்கும் போய்விட்டாள். இத்தனை காலத்தில் அக்கா ஒருமுறைகூட அந்தப் படகில் ஏறியதில்லை.

மகளை வளர்த்த காலத்தில் அவளுக்கு நேரமில்லை. பிறகு கேட்காமல் இல்லை. கேட்டால், "இன்னிக்குத் தண்ணி கலங்கல்" என்பார். இன்னொரு நாள், "காத்து சரியில்ல, உனக்குத் தலை சுத்தும்." கூட்டம் வரும் மாதங்களில், "நெரிசல்ல நீ எங்க வந்து நிப்ப?" கூட்டம் ஓய்ந்த பிறகு, "இப்ப அங்க என்ன இருக்கு பார்க்க?" இதையெல்லாம் தன்மேல் உள்ள அக்கறை என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். "சாப்பாடு ஆச்சா", "அந்த ஃபேனைக் குறை", "பாப்பா போன் பண்ணினாளா" என்ற அளவில் ஒரு நாளை முடித்துவிடுவார். பூங்காவில் அவருக்கு மைக் அண்ணன் என்று பெயர். மூட்டை கொண்டுவரும் வேன்காரர் அப்படித்தான் சொல்லுவார். நாளெல்லாம் மைக்கைப் பிடித்துக் கத்தும் மனுஷனுக்கு வீட்டிலாவது தொண்டைக்கு ஓய்வு வேண்டாமா என்று அக்காவே சமாதானம் சொல்லிக்கொள்வாள். ஆனால் அவள் பேசுவதைக் கேட்பார். சாயங்காலம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அவள் மெஷினை மிதித்தபடி சொல்லும் கதையை ஒன்று விடாமல் கேட்பார். எதிர்வீட்டுச் சண்டை, கடைக்காரனோடு போட்ட வாய்த்தகராறு, முட்டிவலி, கனவு எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். பெண்டாட்டி பேசும்போது போனை நோண்டாத ஆண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இதில்தான் அக்காவின் பெருமையெல்லாம் இருந்தது. நகை பெரிதாக இல்லை, சொந்த வீடு இல்லை. ஆனால் தன் கணவர் தன்னைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதை அவள் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள். குறிப்பாகத் தன் தங்கையிடம்.

தங்கை வீட்டுக்காரர் செல்போன் கடை வைத்திருப்பவர். வாய்க்காரர். கடைக்கு வருபவர்கள் முன்னால், விருந்தாளிகள் முன்னால், தன் மனைவியை வைத்துத்தான் அவருடைய தமாஷெல்லாம் நடக்கும். "இவ ஒரு டீ போட்டா அதைக் குடிக்க ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கணும்" என்பார். தங்கை சிரித்த மாதிரி இருந்துவிட்டு உள்ளே போய் அழுவாள். ஒருமுறை அக்கா அங்கே போயிருந்தபோது பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டாள். "மாப்பிள்ளை, பொண்டாட்டியை நாலு பேர் முன்னாடி கேலிப் பொருளாக்கறது ஒரு ஆம்பளைக்கு அழகா? எங்க வீட்டுக்காரரைப் பாருங்க. இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி வெளிய வாயைத் திறந்திருப்பாரா?" அவர் முகம் தொங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு அக்கா இருக்கும் இடத்தில் கொஞ்சம் அடக்கியே வாசித்தார். தங்கைக்கு அந்த ஒரு நாளே பெரிய பலம். சண்டை வந்தால், "எங்க அத்தானைப் பாருங்க" என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தது அவளுக்கு.

அந்தத் தங்கையும் மாப்பிள்ளையும் லீவுக்கு வந்தார்கள். வந்த அன்றே மாப்பிள்ளை போனை எடுத்து நீட்டினார். "நாளைக்குக் காலைல நமக்குப் படகு. மூணு டிக்கெட் போட்டாச்சு. அக்காவும் வர்றாங்க."

படகுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நாளைக்கா? நாளைக்குக் காத்து..."

"காத்தாவது கத்தரிக்காயாவது. டிக்கெட் போட்டாச்சு சகலை, இனி காத்து என்ன பண்ணும்?"

"அப்ப மூணாம் நம்பர் படகுல ஏறுங்க. அதுல கண்ணாடி புதுசு. என்னோடதுல கீறல் விழுந்திருக்கு."

"நல்லாருக்கே கதை! சொந்தக்காரர் படகு இருக்கறப்ப அடுத்தவன் படகுல போய் ஏறுவோமா? கீறல் இருந்தா இருக்கட்டும். உங்க படகுதான்."

அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார். 'நம்மளுக்கு நல்ல கண்ணாடியில காட்டணும்னு மனுஷனுக்கு ஆசை' என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. தங்கையிடம் சொல்லவும் செய்தாள்.

மறுநாள் பூங்கா வாசலில் டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "மைக் அண்ணன் வீட்டுக்காரங்களா நீங்க? அந்த... அவங்களா?" என்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பி, "ஏய், இங்க வந்து பாரேன்" என்று யாரையோ கூப்பிட்டாள். இன்னொருத்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். புருஷனுக்கு இங்கே இவ்வளவு மரியாதையா என்று அக்காவுக்குக் குளிர்ந்துபோயிற்று. தங்கையைப் பார்த்தாள். தங்கையும் கவனித்துத்தான் இருந்தாள்.

ஜாக்கெட் மாட்டிக்கொள்ளும் இடத்தில் தான் தைத்த வார்களை அக்கா அடையாளம் கண்டு, தங்கைக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். "ஐயோ, போதும்க்கா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று தங்கை இழுத்துக்கொண்டு போனாள்.

படகில் இவர்கள் மூவரோடு ஒரு சுற்றுலாக் கூட்டமும் ஏறியது. ஏதோ அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள், குடும்பத்தோடு. அவர்களைக் கூட்டிவந்த டூர்க்காரர், தொப்பி போட்ட கனத்த மனிதர், படகுக்காரரைப் பார்த்ததும், "அண்ணே! அடுத்த கூட்டத்தைக் கூட்டிட்டு வரேன்னேனா இல்லையா?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். படகுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் அக்காமேல் வந்து நின்று அணைந்தது.

அவர் பின்னால் எஞ்சின் பக்கம் போய் நின்று மைக்கை எடுத்தார். "வணக்கம். கையை வெளிய நீட்டாதீங்க. கண்ணாடிமேல காலை வைக்காதீங்க." குரல் வீட்டில் பேசுவது போலவே இருந்தது. படகு நகர்ந்தது. கண்ணாடிக்கடியில் மணல் ஓடியது, பாசி ஓடியது, பிறகு பாறை வந்தது. "இது மான்கொம்புப் பவளம்" என்றார். எல்லோரும் குனிந்தார்கள். வெள்ளை வெள்ளையாகக் குச்சிகள் ஒடிந்து குவிந்து கிடந்தன. இடையே எங்கோ ஒரு கொத்து மட்டும் மங்கிய பழுப்பில் நின்றது.

"கலரா இருக்கும்னாங்களே?" என்றாள் ஒரு பெண்.

"இருந்தது" என்றார் படகுக்காரர். "இது மூளைப் பவளம்" என்றார். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ கொட்டாவி விட்டார்கள். ஒரு குழந்தை வீட்டுக்குப் போகலாம் என்றது.

டூர்க்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே இன்னிக்கு, உடம்பு சரியில்லையா? வீட்டுக்காரி கதையை எடுத்து விடுங்க. அதுக்காகத்தானே இவங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்!"

"இன்னிக்கு வேண்டாமே" என்றார் படகுக்காரர்.

"அட, பிகு பண்ணாதீங்க! அந்தப் பேத்தை மீன் ஒண்ணாவது சொல்லுங்க."

அக்கா தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மைக்கைக் கை மாற்றினார். கூட்டம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இன்னொருமுறை அக்காவைப் பார்க்கவில்லை.

"இது மூளைப் பவளம்னு சொன்னேனா?" என்றார். "இது வருஷம் பூரா வளர்ந்தாலும் ஒரு நகத்தளவுதான் வளரும். என் மூளையும் அப்படித்தான். கல்யாணத்தன்னிக்கு எவ்வளவு இருந்ததோ இன்னிக்கும் அவ்வளவுதான். வளர விட்டாத்தானே!"

சிரிப்பு வந்தது. கொஞ்சமாகத்தான் வந்தது. ஆனால் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"அங்க பாருங்க, முள்ளு முள்ளா ஒண்ணு போகுது. பேத்தை மீன். தொட்டா உப்பிடும். இது பரவாயில்ல, தொட்டாத்தான் உப்பும். என் வீட்டுக்காரி, நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள உப்பிடுவா. 'ஏன் லேட்டு'ன்னு கேக்கறப்பவே முள்ளு பாதி வெளிய வந்திருக்கும்!"

இப்போது படகே சிரித்தது. கிளிமீன் வந்தது. "இது நாள் பூரா கல்லைக் கடிச்சுத் தின்னுட்டு மணலா வெளிய விடும். எங்க வீட்டுச் சோத்துல கல்லு வந்தா நானும் இதே மாதிரிதான், சத்தம் போடாம மென்னுடுவேன். வாயைத் திறந்தா அடுத்த வேளை அந்தக் கல்லும் கிடைக்காது!" அடுத்து ஒரு பெரிய சிப்பி வந்தது. "நிழல் பட்டாலே டப்புன்னு மூடிக்கும். எங்க வீட்டுக் கதவு மாதிரி. படுத்தப்புறம் எந்திரிச்சுப் போயி தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு பார்ப்பா. வந்து படுப்பா. மறுபடி போவா. மூணாவது தடவை என்னை எழுப்பி, 'நான் போய்ப் பார்த்தேனா?'ன்னு கேப்பா!"

டூர்க்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை கண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பினிடையே அக்காவையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். தங்கைகூட, வாயைப் பொத்திக்கொண்டுதான், சிரித்தாள்.

அக்கா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போல நடந்து காட்டினார், அவளைப் போல இடுப்பில் கை வைத்தார், அவள் குரலில் பேசினார். குரல் அப்படியே இருந்தது. கண்ணெல்லாம் ஒளி. இந்த மனுஷனோடு ஒரு நாளாவது வாழ்ந்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது அவளுக்கு.

தாழ்ப்பாள் போனால் போகட்டும், சோறு போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள். அப்போது அவர் பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். கண்ணாடியில் தென்படாத உயிரினங்களுக்கு அப்படிப் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள் வைத்திருந்தார்கள்.

"கடல்குதிரை. நேர்ல பார்க்கக் கொடுத்து வைக்கணும். இதுல ஒரு விசேஷம் தெரியுமா? ஆம்பளைதான் பிள்ளையைச் சுமக்கும். வயித்துல பை இருக்கு. இதை என் வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவை சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'நீங்க சுமந்திருந்தா பத்திரமா இருந்திருக்குங்க'ன்னா. சரி, பொண்டாட்டி கேட்டுட்டாளேன்னு அன்னிக்கு ஆரம்பிச்சதுதான்..." தன் தொப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "இன்னும் இறங்கல!"

படகு ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள். கைதட்டினார்கள்.

மகளுக்குப் பிறகு அக்காவுக்கு இன்னொரு குழந்தை தங்கியது. ஆறாம் மாதத்தில், வாளியைத் தூக்கிக்கொண்டு ஈரப்படியில் இறங்கியபோது சறுக்கி விழுந்தாள். பையன் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். துணைக்கு இருந்த தங்கை, அப்போது படித்துக்கொண்டிருந்தவள், டீ வாங்கப் போயிருந்தாள். கணவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் எடுத்த ஒரு தட்டைக்கூடக் கீழே போடாத மனுஷன் அவர். "நீங்க சுமந்திருந்தா பத்திரமா இருந்திருக்குங்க" என்றாள் அக்கா. அவர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அவள் பார்த்தது அது ஒன்றுதான். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் அதற்கு மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள்.

கைதட்டல் ஓய்வதற்குள் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "அந்த வீட்டுக்காரியே இங்கதாங்க இருக்காங்க! இதோ, இவங்கதான்!"

எல்லாத் தலையும் திரும்பியது. போன்கள் உயர்ந்தன. படகுக்காரர் மைக்கோடு அப்படியே நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. கூட்டத்திலும் சிரிப்பு நின்று ஒரு சங்கடம் பரவியது. எதிரே இருந்த வயதான பெண்மணி, "ஏம்மா, இதையெல்லாம் கேட்டுட்டு உங்களுக்குக் கோவம் வரலையா?" என்றாள்.

தங்கை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இன்னும் உட்காரவில்லை.

அக்கா சிரித்தாள். "எதுக்குக் கோவம்? இதையெல்லாம் சொல்லிக் குடுத்ததே நான்தானே. அவருக்கு எங்க சொந்தமா சொல்ல வரும்?"

ஒரு நொடி கழித்து எழுந்த கைதட்டல் அதுவரை வந்ததிலேயே பெரியது. "அப்படிப் போடுங்க!" என்றார் டூர்க்காரர். அந்த வயதான பெண்மணி எழுந்து வந்து அக்காவின் கன்னத்தை வழித்துக் கொஞ்சினாள். படகுக்காரர் மூச்சு விட்டது மைக்கில் கேட்டது.

கரையில் இறங்கியதும் மாப்பிள்ளை ஆரம்பித்தார். "எனக்கு அன்னிக்கு அவ்வளவு பெரிய பாடம் எடுத்தீங்களே அக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு, என் சம்மதத்தோட நடக்கறது வேற மாப்பிள்ளை. நீங்க பண்றது வேற."

"அப்படி வாங்க. அப்ப இவளையும் சம்மதிக்க வச்சுட்டாப் போச்சு!" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

தங்கை அக்காவின் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற உதவினாள். "நெஜமாவே நீயாக்கா சொல்லிக் குடுத்த?"

"ஆமாடி."

"அந்தக் கடல்குதிரை?"

"அது நான் சொன்னதேதான்."

தங்கை கொக்கியை நோண்டினாள். "அப்ப நான்தான் இத்தனை வருஷமா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தேன் போலிருக்கு. நீயே சிரிச்சுட்டுப் போற. எனக்கு என்ன கொள்ளை? இனிமே நானும் உன்னை மாதிரி இருந்துடறேன்" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. மனசார, ஒரு பாரம் இறங்கியதுபோலச் சொன்னாள். அக்கா ஜாக்கெட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். 'அப்படி இருக்காதே' என்று சொல்லவேண்டுமானால் மற்றதையும் சொல்லவேண்டும். "டீ ஆறிடும், வா" என்றாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன அன்று சாயங்காலம், படகுக்காரர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். மெஷின்மேல் வைத்தார். "அன்னிக்கு டக்குனு சமாளிச்ச பாரு! எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு. நீ சொன்ன பதில் மானேஜர்வரைக்கும் போயிருக்கு."

"எவ்வளவு நாளா நடக்குது?"

"எது?"

"என்னைப் படகுல ஏத்தி எறக்கறது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பாப்பா கல்யாணத்துக்கு முந்தின கோடையில கடல் தண்ணி கொதிச்சுதே, அதுலருந்துதான். அதுக்கு முன்னாடி நான் வாயே திறக்க வேண்டியதில்ல. கீழ அது பாட்டுக்குப் பூத்துக் கிடக்கும், வந்தவன் 'ஆ'ன்னு பார்த்துட்டுப் போவான். இப்ப பாதி செத்து வெளுத்துப் போச்சு. குனிஞ்சு பார்த்துட்டு, 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்'ங்கறான். மானேஜர் கூப்பிட்டு, 'எதையாவது சொல்லிச் சிரிக்க வச்சு அனுப்புங்க, ஆள் வரலேன்னா படகை நிறுத்திடுவாங்க'ன்னார். எதைச் சொல்ல? எனக்குக் கடலையும் வீட்டையும் விட்டா என்ன தெரியும்? கடல்ல ஒண்ணும் மிச்சமில்ல."

"அந்தக் கடல்குதிரை?"

"அதுக்குத்தான் கைதட்டு அதிகம்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

"அதை நான் எப்பச் சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு. "நீயா சொன்ன? நானா யோசிச்சதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

அக்கா வாரிலிருந்து பழைய நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ஆஸ்பத்திரியில. தங்கச்சி டீ வாங்கப் போயிருந்தா. நீங்க அழுதீங்க."

அவர் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "ஆமா" என்றார். "ஆமால்ல." எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பி வந்தார். "சொல்லிச் சொல்லி அது எங்கருந்து வந்துச்சுன்னே மறந்துபோச்சு. சரி விடு. இனி அதைச் சொல்லல. சத்தியமாச் சொல்லல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிஸ்கட்டைப் பிரித்து ஒன்றைக் கடித்துக்கொண்டே, "ஆனா அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டிட்டு ஒண்ணும் சொல்லாம வைக்க முடியாதே. அந்த இடத்துல வேற என்ன சொல்லலாம்?" என்றார். அவளிடம்தான் கேட்டார். சொல்லிக் கொடுப்பவள் அவள்தான் என்று ஊரறியச் சொன்னவளிடம்.

அன்றிலிருந்து அக்கா பேச்சைக் குறைத்தாள். கோபத்தில் அல்ல. வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை மைக்கில் எப்படிக் கேட்கும் என்று தோன்றியது. முட்டி வலித்தால் வலி என்று சொல்லவில்லை. கனவு வந்தால் சொல்லவில்லை. தாழ்ப்பாள் போட்டோமா என்று எழுந்து பார்க்கத் தோன்றும்போது, படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். சாயங்காலங்களில் மெஷின் மட்டும் ஓடியது. அவர் காலை நீட்டிப் படுத்து, "அப்புறம்?" என்றார் இரண்டு மூன்று நாள். பதில் இல்லாததால் அவரும் விட்டுவிட்டார். ஒருமுறை, "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டு மாத்திரை வாங்கி வந்து வைத்தார். அக்கறையாகத்தான் வைத்தார்.

தங்கை போனில் பேசினாள். மாப்பிள்ளை கடையில் அவளைப் பற்றி என்ன சொன்னார், எல்லோரும் எப்படிச் சிரித்தார்கள், தானும் எப்படிச் சேர்ந்து சிரித்தாள் என்று விவரமாகச் சொன்னாள். "முன்ன மாதிரி இல்லக்கா நான். நீ பெருமைப்படுவ" என்றாள். அக்கா "உம்" என்றாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் வேன்காரர் பெரிய மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "அக்கா, உங்க புதுசு ஒண்ணு பிரமாதம்க்கா!" என்றார்.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு! அந்தக் கடல்குதிரைப் படத்தையே அண்ணன் இப்ப எடுக்கறதில்ல. அதுக்குப் பதிலா இதுதான்." வேன்காரர் படகுக்காரரைப் போலவே வயிற்றில் கை வைத்து நின்றுகொண்டார். "'என் வீட்டுக்காரி ஒரு மாசமாப் பேசறதையே நிறுத்திட்டா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டர், குணப்படுத்திடலாம்னார். ஐயையோ, குணமெல்லாம் வேண்டாம் டாக்டர், இது எப்படி வருதுன்னு மட்டும் சொல்லுங்க, பக்கத்து வீட்டுக்காரன் கேக்கறான்னேன்!'"

சொல்லி முடித்து அவரே சிரித்தார்.

"சிரிச்சாங்களா?" என்றாள் அக்கா.

"விழுந்து விழுந்து! எப்படிக்கா உங்களுக்கு மட்டும் தோணுது?"

"மூட்டையை வெளியவே வைங்க, தண்ணி சொட்டுது" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்து காலை நீட்டிப் படுத்ததும் அக்கா பேச ஆரம்பித்தாள். காலையில் குழாயில் தண்ணீர் வந்த நேரம், கேஸ் சிலிண்டர் தீரப்போவது, வெங்காயம் சொத்தையாக இருந்தது, தெருவிளக்கு ஒன்று எரியாதது, மாடியில் துணி காயாதது என்று வரிசையாகச் சொன்னாள். தன்னைப் பற்றி ஒன்றும் இல்லை, அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் பொறுக்கி எடுத்து, யாரும் எதற்கும் சிரிக்க முடியாதபடி பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் சொல்லலாம் போலிருந்தது.

அவர் கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஊசியில் நூல் கோக்க நிறுத்தினாள்.

"இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றார். பிறகு, "அப்புறம்?" என்றார்.